மாஸ்க் போட்ட நாட்களில் நீ கற்ற பேச்சு

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நம் சர்ச்சில் உன் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். உன் பெயரையும் சாமுவேலின் பெயரையும் சேர்த்துச் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்பவர் யாராவது உண்டா என்று போதகர் கேட்டார். நான் ஆண்கள் பக்கம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் வாயைத் திறந்ததும் வழக்கம்போல உன் பக்கம் திரும்பி, அவர் சொல்வதையெல்லாம் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து உனக்குச் சொல்லத் தொடங்கினேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து செய்கிற வேலை அது. நீ என் பக்கம் பார்க்கவே இல்லை. உன் அம்மாவின் மடியில் அசைந்துகொண்டிருந்த அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பார்த்துச் சிரித்தாய். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்ல வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா மேல் பொறாமை. சாமுவேல் மேல் பொறாமை. கொடுமுடியில் இருக்கிற அவனுடைய அம்மா மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய பொறாமை. கல்யாணத்துக்கு முன்னால் இதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும். நேரில் சொன்னால் நீ என் உதட்டைப் படித்துக் களைத்துப்போவாய், கையால் சொல்ல எனக்கு வராது. எழுத்து ஒன்றுதான் நம் இரண்டு பேருக்கும் ஒரே அளவில் வருவது. படித்துவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. காது கேளாத பிள்ளையை வளர்க்கிற அப்பன்மார் யாராவது படித்தால் நல்லதுதான்.

உனக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது நான் வேறொருவர் பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். உன் அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். உன் முதுகுக்குப் பின்னால் ஓவன் ட்ரே ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்தது. கடையில் இருந்த எல்லோரும் துள்ளிப்போனார்கள், நீ மட்டும் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே இருந்தாய். அப்புறம் ஆஸ்பத்திரி, காது மெஷின், பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுத்த டீச்சரம்மா முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்: "கையக் காட்டிப் பேசப் பழக்கிப்போடாதீங்க. அப்புறம் புள்ள வாயவே தொறக்காது. உதட்டப் பார்க்கப் பழக்குங்க." என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க மீசை உதட்ட மூடுதுங்களே" என்றும் சொன்னார். என் அப்பா கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பில் கூலிக்கு இருந்தவர். தோப்புக்காரர் வருவது தெரிந்தால் மீசையிலிருந்து கையை எடுத்துவிடுவார். அவருடைய மகன் நான், கோயமுத்தூருக்கு வந்து, யாருக்கும் பயப்படாமல் அடர்த்தியாக வளர்த்து வைத்திருந்த மீசை அது. அன்று சாயங்காலமே எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். உனக்கு அடையாளம் தெரியவில்லை, அழுதாய். பிறகு உன் விரலை என் மேல் உதட்டில் வைத்துப் பார்த்தாய். சில மாதம் கழித்து என் உதட்டைப் பார்த்து நீ சொன்ன முதல் வார்த்தை 'பன்'. 'அம்மா'தான் முதல் என்று உன் அம்மா இன்றுவரை சாதிக்கிறாள். அதையும் நான் ஒத்துக்கொண்டதில்லை.

அப்புறம் உனக்கும் ஊருக்கும் நடுவில் நான் நின்றேன். மிட்டாய்க் கடையில், பள்ளிக்கூடத்தில், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், யார் எது பேசினாலும் நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "என்னப்பா சொல்றாங்க?" என்று கேட்பாய். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது, கண்ணு. பொள்ளாச்சி ரோட்டில் நமக்கென்று சின்னதாக ஒரு பேக்கரி வைத்து, நீ பி.காம். முடித்துவிட்டுப் பில் கவுண்டரில் உட்கார்ந்தபோதும் நான் உன் பக்கத்திலேயே நின்றேன். யாராவது வேகமாகப் பேசினால் நான் உன் பக்கம் திரும்பித் திருப்பிச் சொல்வேன். "புரியலீன்னாலும் தலைய ஆட்டிப்போடு கண்ணு, நான் பார்த்துக்கறேன்" என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அதைத்தான் முதலில் நீ மறக்க வேண்டும். புதிய வீட்டில், புதிய ஊரில், புரியாததற்குத் தலையை ஆட்டாதே. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேள். கேட்பதால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

கொரோனா வந்து ஊரை அடைத்துவிட்டார்கள். கடை மூடிக்கிடந்தது. டிவியில் பேசுகிற அதிகாரிகள், அமைச்சர்கள் எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டே பேசினார்கள். நீ திரையைப் பார்ப்பாய், ஒன்றும் தெரியாது, என் பக்கம் திரும்புவாய். நான் விளக்கு என் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வேன். வெளியே வந்தால் மாஸ்க் கட்டாயம், போடாவிட்டால் அபராதம். எந்தக் கடை எத்தனை மணி வரைக்கும் திறக்கலாம், வரிசையில் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும். ஊரே பயந்து கிடந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு சாவு விழுந்து, தூக்கக்கூட ஆளில்லாமல் வண்டியில் ஏற்றிப் போனார்கள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் காறித் துப்புவார்கள். ஆனாலும் உண்மை அதுதான். ஊரில் எல்லோருடைய உதட்டையும் மூடச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட்டுவிட்டது. உனக்குத் திறந்திருந்தவை என்னுடையதும் உன் அம்மாவுடையதும்தான். அவளோ அடுப்படியில் இருப்பாள். நான் மட்டும்தான் எந்நேரமும் உன் எதிரில்.

அந்தச் சந்தோஷம் கடையைத் திறந்த அன்றோடு முடிந்தது. பார்சல் மட்டும்தான் கொடுக்கலாம், கடையில் இருக்கிறவர்களும் மாஸ்க் போட வேண்டும், வாசலில் போர்டு வைக்க வேண்டும் என்றார்கள். 'முகக்கவசம் இல்லையேல் பொருள் இல்லை' என்று எழுதி மாட்டினேன். ரோட்டில் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். உன் மாஸ்க்கின் கயிறு காது மெஷினில் மாட்டி, கழற்றுகிற ஒவ்வொரு தடவையும் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு வரும். வருகிறவர் மாஸ்க்குக்குள்ளிருந்து தேங்காய் பன்னும் பப்ஸும் கேட்பார். நீ அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பாய். "ஏனுங்க, காது கேக்கலையா?" என்று எரிச்சலோடு கேட்பார். உன் பக்கம் திரும்பி நான் என்ன சொல்ல முடியும்? என் வாயும் மூடித்தானே இருந்தது.

மாநகராட்சி ஆட்கள் சோதனைக்கு வந்த நாள் உனக்கு நன்றாக நினைவிருக்கும். வந்த அதிகாரி உன்னிடம் ஏதோ கேட்டார். நீ காதைத் தொட்டுக் காட்டி, மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்குங்கள் என்று அவருக்குச் சைகை காட்டினாய். அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னையவே எறக்கச் சொல்றீங்களா?" என்றார். நான் ஓவனிலிருந்து ஓடிவந்து, என் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, உன்னைப் பார்த்து, "லைசென்சக் கேக்கறாரு கண்ணு" என்றேன். அவர் உடனே எனக்கு அபராத ரசீது எழுத ஆரம்பித்துவிட்டார்.

"சார், இவளுக்குக் காது கேக்காதுங்க. என்ற உதட்டப் பார்த்தாத்தானுங்க புரியும்."

"செரிங்க. அதுக்காக நீங்க இத்தன பேரு முன்னால மாஸ்க்க எறக்கலாமுங்களா? உங்களுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா இந்தப் புள்ளைய யாருங்க பார்க்கறது?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் எனக்கு அது ஏறவில்லை. மகளுக்காக அபராதம் கட்டிய அப்பன் என்று அந்த ரசீதை உன் அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். உனக்குப் பெருமை இல்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்ததில் நீ கூனிக்குறுகிப்போயிருந்தாய். மறுநாள் காலையில் ஒரு கேக் பெட்டியின் மூடியைக் கிழித்து, மார்க்கரால் பெரிதாக எழுதிக் கவுண்டரில் வைத்தாய்: 'எனக்குக் காது கேட்காது. வேண்டியதைக் கையால் காட்டுங்கள்.'

"ஏங்கண்ணு, இத ஊருக்கெல்லாம் சொல்லோணுமா?" என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டேன்.

"தெரியட்டுமுங்கப்பா. ஒவ்வொருக்காவும் உங்கள மாஸ்க்க எறக்க வெக்க என்னால முடியாது" என்று வாய்விட்டுச் சொன்னாய்.

ஜனங்கள் விரலைக் காட்டினார்கள். பண்டம் வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு மேலே தொட்டுக் காட்டினார்கள். வரிசை நகர்ந்தது. யாரும் எரிச்சல்படவில்லை, சிலர் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் ஓவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விட்டது.

அந்த மூடியைப் படித்துத்தான் சாமுவேல் வந்து சேர்ந்தான். நமக்குக் கேக் பெட்டியும் பிரெட் கவரும் கொடுக்கிற கடையின் ஆள். மொபெட்டில் பெட்டிக்கட்டை வைத்துக்கொண்டு, இரண்டு மாஸ்க்கை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருவான். இறக்கி வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவான், திமிர் பிடித்தவன் என்று நினைத்திருந்தேன். அன்று அந்த எழுத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் காதைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டு, இரண்டு கையாலும் உன்னிடம் என்னவோ சொன்னான். அவனுக்கும் காது கேட்காது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நீ தலையை ஆட்டினாய், நான் சொல்லிக்கொடுத்தபடி. அவன் விடவில்லை. உனக்குப் புரியவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. போனில் எழுதிக் காட்டினான், திரும்பவும் கையால் செய்து காட்டினான். நீ பார்த்துச் செய்தாய். அவன் வருகிற நாளெல்லாம் இதே கதை. மாஸ்க் அவனுக்குத் தடையே இல்லை. சட்டம் மூடச் சொன்னது வாயை, அவன் பேசியது கையால். தள்ளி நிற்கச் சொன்னார்கள், அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகூடப் பேசினான். ரோட்டில் லாரி போகும், பஸ் போகும், நடு நடுவே உங்கள் பேச்சு போகும். மாஸ்க்குக்கு மேலே உன் கண் சிரித்தது. என்னிடம் பேசும்போது உன் கண் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, கண்ணு. என்னிடம் பேசும்போது அது என் உதட்டை விட்டு அசையாது.

கேக் பெட்டி கொடுக்கிற கடைக்குப் போன் போட்டு வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். அது உனக்குத் தெரிந்த கதைதான், அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டாய். வீட்டுக்குள் வந்ததும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாய்.

"எதுக்குப்பா அவர வர வேண்டாம்னு சொன்னீங்க?"

"கையில பேசிப் பழகுனா வாயில பேசறத மறந்துபோடுவ கண்ணு. எத்தன வருசம் பாடுபட்டிருக்கறோம்."

"அது இல்ல. நீங்க பேசறது மட்டும் எனக்குப் புரியோணும். வேற யாரும் என்ற கூடப் பேசக்கூடாது. அதுதான?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். கதவைச் சாத்தினால் தட்டலாம், போனை வைத்தால் திரும்பக் கூப்பிடலாம். நீ கண்ணை மூடினால் உன்னிடம் வர எனக்கு வழியே இல்லை. உன் அம்மா வந்து உன் தோளைத் தொட்டு உள்ளே கூட்டிப் போகும்வரை நான் திறந்த வாயோடு நின்றேன். மறுநாள் நானே போன் போட்டு அந்தப் பையனையே அனுப்பச் சொன்னேன். அவன் வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி எனக்குக் கும்பிடு போட்டான். அந்தக் கும்பிடுக்காக அவனை இன்னும் கொஞ்சம் அதிகமாக வெறுத்தேன்.

இதை ஏன் திரும்பச் சொல்கிறேன் என்றால், நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவீர்கள். எல்லோரும் போடுகிறார்கள். அப்போது கண்ணை மூடிக்கொள்ளாதே. விளக்கை அணைத்துவிடாதே. அவனும் உன்னைப் போலத்தான், கண்ணில்தான் கேட்கிறான். எவ்வளவு கோபம் வந்தாலும் அவன் கை உன் கண்ணில் படுகிற இடத்திலேயே இரு.

அப்புறம் மாஸ்க் கட்டாயமில்லை, இனி அபராதம் இல்லை என்று அறிவித்தார்கள். ஊரில் என்னைவிட அதிகமாக அதைக் கொண்டாடியவர் யாரும் இருக்க முடியாது. போர்டைக் கழற்றினேன், முகம் கழுவினேன், நன்றாகச் சவரம் செய்துகொண்டு கவுண்டருக்கு வந்து உன் எதிரில் நின்று, வாய் நிறையப் பேசினேன். இனிமேல் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைப்பு. நீ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கையில சொல்லுங்கப்பா" என்றாய்.

"எனக்கு எங்க கண்ணு அதெல்லாம் வரும்? அதுதான் இப்ப வாய் தெரியுதே."

"உதட்டப் படிக்கறது வேலைங்கப்பா. பாதிதான் தெரியும், மீதிய நானா ரொப்பிக்கோணும். சாயங்காலமானா தல வலிக்கும். கையில பேசறப்ப நான் வேல செய்யறதில்ல. பேசறேன்."

"இத்தன வருசம் சொல்லவே இல்லையே?"

"நீங்க எனக்காக மீசைய எடுத்தவரு. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

பன் ட்ரேயைத் துடைக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். உன் அம்மா அன்றிலிருந்தே உன்னிடம் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு கையால் கேட்பாள், நீ பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்வாய். தப்பாகச் செய்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருப்பேன். எனக்கு ரோஷம். என் உதடு போதாது என்று சொன்ன பேச்சை நான் ஏன் கற்க வேண்டும் என்ற ரோஷம்.

நிச்சயத்துக்குக் கொடுமுடி போனோம். சாமுவேலின் அம்மா மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கிறவர், நகமெல்லாம் மஞ்சள். மகனுக்குச் சின்ன வயதில் காய்ச்சலில் காது போனதிலிருந்து அவனோடு சேர்ந்து கைப்பேச்சு கற்றவர். யாரும் அவரிடம் வேண்டாம் என்று சொல்லவில்லையா, சொல்லியும் அவர் கேட்கவில்லையா என்று நான் கேட்டதில்லை. காப்பி கேட்கலாம் என்று அடுப்படிப் பக்கம் போனேன். நீயும் அவரும் நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள். அவருடைய மஞ்சள் விரல்கள் பறந்தன, உன் விரல்கள் அதைவிட வேகமாகப் பறந்தன. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்கண்ணா, உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோமுங்க."

"என்னன்னுங்க?"

"உங்களுக்குக் கோவம் வந்த நாள்ல பன்னு நல்லா உப்பிக்கிட்டு வருமாமுங்க. மாவ அந்தக் குத்து குத்துவீங்களாமுங்க. அதனால கூட்டம் வேணும்னா உங்க மகளே உங்களுக்குக் கோவத்தக் கெளப்பி உடுவாளாமுங்க."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். நீ என்னிடம் ஒருநாளும் ஒரு வேடிக்கைப் பேச்சு பேசியதில்லை, கண்ணு. என்ன விலை, என்ன சொன்னார், எப்போது வருவார், இவ்வளவுதான் நம் பேச்சு. வேலை செய்துகொண்டிருப்பவளுக்கு வேடிக்கை எங்கே வரும்? என் மகள் இவ்வளவு சிரிக்கவைக்கிற பிள்ளை என்று எனக்கு யாரோ ஒரு அம்மாள் சொல்லித் தெரியவேண்டியிருந்தது. உன்னை அவருக்கு எத்தனை மாதமாகத் தெரியும்? அந்தப் பொறாமை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. கல்யாணத்தோடு போய்விடும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து, அதற்குக் காது கேட்டாலும் கேட்காவிட்டாலும், நீ ஒருத்தி மட்டுமே அதற்குப் பேச்சாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படாதே. அந்த ஆசை ருசியாகத்தான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்.

ரோஷம் பெரிதா பொறாமை பெரிதா என்று பார்த்ததில், என்னிடம் பொறாமைதான் ஜெயித்தது. உன் அம்மாவிடம் கேட்க மனம் வராமல், சம்பந்தியம்மாவிடமே கேட்டேன். மத்தியானம் ஓவன் ஆறிக் கிடக்கிற நேரத்தில், குடோனில் மாவு மூட்டையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவரிடம் வீடியோவில் பாடம் படிக்கிறேன். உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன், இப்போது நானே சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்று, பெண்ணைக் கொடுப்பது யார் என்று போதகர் கேட்பார். அப்பன் வாயால் பதில் சொல்வதுதான் வழக்கம். நான் அதைக் கையால் சொல்லப்போகிறேன், உனக்கு வேலை வைக்காமல். கையை நெஞ்சுக்கு அருகே வைத்து, எதையோ ஏந்திக் கொடுப்பது மாதிரி எதிரில் நிற்பவர் பக்கமாக நீட்ட வேண்டும். அவ்வளவுதான் அந்த வார்த்தை. ஒரு வாரமாகச் செய்துகொண்டிருக்கிறேன். கை முன்னால் போகிறது, போன பிறகு தானாகவே திரும்பி என் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது.

"ஏனுங்கண்ணா, திருப்பி உங்க பக்கமே இழுத்துக்கறீங்க. அப்படி இழுத்தா 'குடுக்கறேன்'னு வராதுங்க. 'எனக்குக் குடு'ன்னு ஆயிப்போகுமுங்க" என்று நேற்றும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இன்னும் நாள் இருக்கிறது, பழகிவிடும் என்றேன்.

பழகுமா என்று தெரியவில்லை, கண்ணு. அன்றைக்கு நூறு பேர் நடுவில் என் கை போன வழியே திரும்பி வந்தாலும், அது என்ன வார்த்தை என்று புரிகிறவர்கள் நீங்கள் நாலு பேர்தான். மற்ற மூன்று பேரும் சிரித்துக்கொள்ளட்டும். நீ மட்டும், அப்பாவுக்கு இன்னும் வரவில்லை, தப்பாகச் செய்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. நான் சரியாகத்தான் சொல்லியிருப்பேன்.

அப்பா